வீட்டில் கற்கும் குழந்தைக்கு மொழிப்பாடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிப்பது என்று முடிவெடுத்த பெற்றோர், கணக்குப் பாடத்துக்கு என்ன செய்வது என்று அதிகம் குழம்புவதில்லை. எண்ணுதல், கூட்டல், கழித்தல் என்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு வரிசை அதற்கு இருக்கிறது. குழப்பம் தொடங்குவது மொழிப்பாடத்தில்தான். கடையில் ஒரு பக்கம் படம் போட்ட அரிச்சுவடி, இன்னொரு பக்கம் புள்ளிக் கோட்டின்மேல் எழுதிப் பழகும் பயிற்சி நூல். இணையத்தில் எழுத்தின் ஒலியைக் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் அட்டைகள், செயலிகள், ஆண்டு முழுமைக்குமான பாடங்கள் அடங்கிய வெளிநாட்டுப் பெட்டிகள். இவற்றோடு அரசின் இலவசப் பாடநூலும் இருக்கிறது. நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, அதிலும் வீட்டில் தமிழ் பேசிக்கொண்டே ஆங்கிலத்தையும் கற்க வேண்டிய குழந்தைக்கு, இவற்றுள் எதை எடுப்பது என்று முதன்முறையாக யோசிப்பவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். என் இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டில்தான் எழுத்து கற்பித்தேன். மூத்தவளுக்குக் கற்பிக்கும்போது செய்த சில தவறுகளை இளையவனிடம் திருத்திக்கொள்ள முடிந்தது. அவற்றுள் பெரும்பாலானவை பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுத்ததில் நேர்ந்த தவறுகளே.

ஒரே பெயருக்குள் இரண்டு வேலைகள்

மொழிப்பாடம் என்றால் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் நான்கு திறன்கள் என்று ஆசிரியர் பயிற்சி நூல்கள் சொல்லும். அது சரிதான், ஆனால் எந்தப் புத்தகத்தை வாங்குவது என்று தீர்மானிக்க அந்தப் பகுப்பு அதிகம் உதவுவதில்லை. இன்னொரு பகுப்பு எனக்கு மிகவும் உதவியது. பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்னும் ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பைப் பற்றி ஓர் எளிய வாய்பாட்டை முன்வைத்தார்கள். எழுத்தை ஒலியாக மாற்றிச் சொல்லைப் படிக்கும் திறன் ஒன்று, காதால் கேட்கும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. படித்துப் புரிந்துகொள்வது இவ்விரண்டின் பெருக்குத்தொகை என்பது அதன் சாரம். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டில் ஏதேனும் ஒன்று சுழியாக இருந்தால் விடையும் சுழிதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். 'களஞ்சியம்' என்ற சொல்லை எழுத்துக் கூட்டிச் சரியாகப் படித்துவிட்டு, அது பாத்திரமா பழமா என்று தெரியாமல் விழிக்கும் குழந்தை இருக்கிறது. பாட்டி சொன்ன கதையை ஏற்ற இறக்கத்தோடு கால் மணி நேரம் திருப்பிச் சொல்லக்கூடிய குழந்தை, அதே கதையின் முதல் வரியை அச்சில் காட்டினால் வாய் திறக்காமல் இருப்பதும் உண்டு. முதல் குழந்தைக்கு இன்னும் ஓர் எழுத்துப் பயிற்சி நூலை வாங்கித் தருவது வீண். இரண்டாவது குழந்தைக்கு இன்னும் பத்துக் கதைப் புத்தகங்களை அடுக்கி வைத்தாலும் எழுத்து தானாக வந்துவிடாது.

இந்த இரண்டு பாதிகளும் வளரும் விதம் வேறு. எழுத்தறிவதற்கு ஓர் எல்லை உண்டு. அது ஒரு நாள் முடிந்துவிடும் வேலை. அதற்கு ஒழுங்கான வரிசையும், நாள்தோறும் சிறிதளவு பயிற்சியும், முன்பு படித்ததை மீண்டும் மீண்டும் கண்முன் கொண்டுவரும் ஏற்பாடும் வேண்டும். ஆகவே அதற்குப் பாடத்திட்டம் வேண்டும். மொழியறிவுக்கு எல்லை இல்லை. அது பேச்சிலும் கதையிலும் பாட்டிலும், சந்தைக்குப் போய் வருவதிலும், சமையலறையில் கேட்கும் கேள்விகளிலும் வளர்கிறது. பயிற்சி நூலின் கோடிட்ட இடங்களை நிரப்புவதால் அது வளர்வதாக நான் கண்டதில்லை. முதல் பாதிக்கு மெலிந்த, ஒழுங்கான ஒரு பாடத்திட்டத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது பாதிக்குப் பாடநூல் வாங்காமல் நல்ல கதைப் புத்தகங்களையும் நேரத்தையும் ஒதுக்குங்கள் என்பதுதான் என் பரிந்துரை. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து விற்கும் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒன்றில் குறை வைக்கின்றன.

தமிழ் எழுத்துக்கு நல்ல பாடத்திட்டம் எப்படி இருக்கும்?

தமிழில் 247 எழுத்துகள் என்று கேட்டவுடன் பல பெற்றோர் மலைத்துப்போகிறார்கள். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்பது இலக்கணக் கணக்கு. குழந்தை உண்மையில் கற்க வேண்டியது 12 உயிரெழுத்து வடிவங்களும், 18 மெய்களின் அடிப்படை வடிவங்களும், புள்ளியும், கால், கொம்பு, சுழி முதலிய துணைக்குறிகளும், 'உ', 'ஊ' வரிசைகளின் தனி வடிவங்களும்தான். இவற்றோடு ஜ, ஸ, ஷ, ஹ போன்ற சில கிரந்த எழுத்துகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 216இல் ஙூ, ஙெ, ஞௌ போன்று எந்தப் புத்தகத்திலும் தட்டுப்படாதவையும் உண்டு. அவற்றை ஐந்து வயதில் கட்டம் கட்டமாக எழுத வைக்கும் பயிற்சி நூலைக் கண்டால், அதைத் தயாரித்தவர்கள் அட்டவணையை நிரப்புவதற்குக் கொடுத்த கவனத்தைக் குழந்தையின் வாசிப்புக்குக் கொடுக்கவில்லை என்று கொள்ளலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கற்பிக்கும் வரிசை. அ, ஆ, இ, ஈ என்று தொடங்கி, பிறகு க், ங், ச் என்று சென்று, அதன் பிறகு உயிர்மெய்க்கு வருவது நமக்குப் பழகிய அரிச்சுவடி வரிசை. பாடிப் பழகவும், பின்னாளில் அகராதி பார்க்கவும், இலக்கணம் கற்கவும் அந்த வரிசை தேவை. அதைக் குழந்தை பாட்டாக மனப்பாடம் செய்துகொள்வது நல்லதுதான். ஆனால் படிக்கக் கற்பதற்கு அது பொருத்தமான வரிசை இல்லை. காரணம் எளிது. உயிரெழுத்துகள், அளபெடையை நீக்கிப் பார்த்தால், சொல்லின் முதலில் மட்டுமே வரும். எனவே பன்னிரண்டையும் கற்றுமுடித்த குழந்தையால் 'ஆ', 'ஈ' போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தவிர எதையும் படிக்க முடியாது. 'அ' என்றால் அம்மா என்று படத்தைப் பார்த்துச் சொல்லுமே தவிர, 'ம்மா' என்ற பகுதி அதற்கு வெறும் கோலம்தான். என் மூத்த மகள் இந்த வரிசையில் ஏழு மாதம் சென்றாள். ஏழு மாதத்தின் முடிவில் அவளுக்கு எல்லா எழுத்துகளின் பெயரும் தெரிந்தது; ஒரு சொல்லைக்கூடப் படிக்கத் தெரியவில்லை. அந்த நிலையில் சலித்துப்போனது அவள் குற்றமில்லை.

மாற்று வரிசை தமிழ்நாட்டில் புதிதன்று. ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்கி, புள்ளியைச் சேர்த்து, 'படம்', 'மடம்', 'பட்டம்' என்று முதல் வாரத்திலேயே பொருளுள்ள சொற்களைப் படிக்க வைக்கும் முறை நம் பாடநூல்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. 1990களின் தொடக்கத்தில் எழுத்தறியாத பெரியவர்களுக்காக நடந்த அறிவொளி இயக்கமும் 'பட்டா', 'படி' என்ற சொற்களிலிருந்தே எழுத்தைத் தொடங்கியது. இளையவனுக்கு நான் இந்த வழியைப் பின்பற்றினேன். க, ட, ப, ம, ர, ல, ழ ஆகிய ஏழு எழுத்துகளையும் புள்ளியையும் கற்றவுடன் 'கடல்', 'மரம்', 'பழம்', 'பக்கம்', 'கட்டம்' என்று அவன் படிக்கத் தொடங்கினான். 'மரம்' என்று சுவரில் எழுதியதைப் படித்துவிட்டு வாசலுக்கு ஓடிப் போய் வேப்பமரத்தைத் தொட்டுவிட்டு வந்தான். எழுத்து என்பது வெளியே இருக்கும் பொருளைச் சொல்கிறது என்பதை அவன் அந்த ஓட்டத்தில்தான் கண்டுகொண்டான் என்று நினைக்கிறேன்.

துணைக்குறிகளைப் பாடத்திட்டம் எப்படிக் கையாள்கிறது என்பதைத் தனியாகக் கவனியுங்கள். தமிழ் படிக்கும் பெரும்பாலான குழந்தைகள் இடறும் இடம் இதுவே. கால் எளிது, 'ப'வை அடுத்துக் காலைப் போட்டால் 'பா'. மேல்சுழிகளும் எளியவை. ஆனால் 'உ', 'ஊ' வரிசையில் ஒரே ஒலிக்குப் பல வடிவங்கள் வருகின்றன: பு, சு, வு ஆகியவை ஒரு விதம், து, நு, லு வேறொரு விதம், கு, டு, மு, ரு இன்னொரு விதம். ஒரே பாடத்தில் பதினெட்டையும் அடுக்கும் நூல் குழந்தையைத் திணறடிக்கும். வடிவ ஒற்றுமைப்படி மூன்று நான்காகப் பிரித்துத் தரும் நூலே நல்லது. கொம்புகள் இதைவிடக் கடினம். 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' என்பவற்றில் எழுத்தின் இருபுறமும் குறி நிற்கிறது. என் மகன் 'கேழ்வரகு' என்ற சொல்லின் முதல் எழுத்தை விரலால் தொட்டு, "ஏ... க..." என்று இரண்டாகப் பிரித்துப் படித்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்தான். கண் இடமிருந்து வலமாகப் போகிறது, நாக்கு அப்படிப் போகக் கூடாது என்பதை ஒரு குழந்தை பழகிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். இந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, கொம்புள்ள சொற்களுக்கென்றே சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறதா என்று பார்த்தாலே ஒரு நூலின் தரம் பெருமளவு தெரிந்துவிடும்.

ஒலிப்பிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் எழுதுவது ஒரே ககரம். ஒலிப்பது மூன்று விதம். 'சட்டை', 'பச்சை', 'மஞ்சள்' ஆகியவற்றில் சகரமும் அப்படியே. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு இதை விதியாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 'பகல்' என்ற சொல் முன்பே காதில் விழுந்திருப்பதால், எழுத்துக் கூட்டிப் படித்த மறுகணமே சரியான ஒலிப்புக்குத் தானாகவே திருத்திக்கொள்ளும். அந்தச் சொல் தெரியாத குழந்தைக்குத் திருத்திக்கொள்ள வழியில்லை. மேலே சொன்ன பெருக்கல் கணக்கு இங்கே கண்கூடாகத் தெரிகிறது. ஆகவே தொடக்கப் பாடங்களில் வரும் சொற்கள் உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே வாயில் புழங்கும் சொற்களாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 'ஔ'வுக்கு 'ஔடதம்' என்று எழுதி ஒரு மருந்துக் குப்பியின் படத்தைப் போட்டிருந்தால், குழந்தை அதை 'மருந்து' என்றுதான் படிக்கும்.

ர, ற, ல, ள, ழ, ந, ன, ண ஆகியவற்றின் வேறுபாடு எழுதும்போது வெகுகாலம் தொல்லை தரும். பேச்சில் ந, ன இரண்டுக்கும் இன்று ஒலி வேறுபாடு இல்லை. ஆனாலும் சொல்லித்தரச் சில பிடிகள் உண்டு. ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன், த-வுக்கு முன் ந் என்பது அவற்றுள் ஒன்று: வண்டு, கன்று, பந்து. இந்த மூன்று சொற்களையும் ஒரு தாளில் எழுதி எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தேன். அதன் பிறகு அந்த இடத்தில் பிழை மிகவும் குறைந்தது. இத்தகைய பிடிகளை வயதுக்கேற்றபடி தரும் பாடநூல், பத்து முறை எழுதி வரச் சொல்லும் பாடநூலைவிட நல்லது.

தாத்தா பாட்டி வீட்டிலிருந்து பழைய கதைப் புத்தகங்களை எடுத்துத் தருபவர்களுக்கு ஒரு குறிப்பு: 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சான நூல்களில் லை, னை, ணா, றா போன்ற எழுத்துகள் வேறு வடிவில் இருக்கும். சரளமாகப் படிக்கத் தொடங்கிய பிறகு குழந்தைகள் அவற்றை விடுகதை போல ரசிக்கிறார்கள். அதற்கு முன்பு தந்தால் குழம்புகிறார்கள்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி

தமிழில் பேசும் மொழியும் எழுதும் மொழியும் வேறுவேறாக இருப்பதைப் பெரும்பாலான பாடத்திட்டங்கள் கண்டுகொள்வதில்லை. 'தாத்தா வந்துட்டாரு' என்று சொல்லிப் பழகிய குழந்தையிடம் 'தாத்தா வந்துவிட்டார்' என்ற வரியைக் கொடுக்கும்போது, அது எழுத்தைப் படிப்பதோடு கூடவே இன்னொரு மொழிவழக்கையும் கற்கிறது. கதைப் புத்தகத்தை எழுதியிருப்பதுபோலவே வாசித்துக் காட்டுவதும், வாசித்த பிறகு அதைப் பற்றிப் பேச்சுத் தமிழில் உரையாடுவதும்தான் இதற்கு நான் கண்ட வழி. கதையைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனால் குழந்தைக்குப் புரியும். ஆனால் 'சென்றான்', 'கூறினாள்', 'ஆகையால்' போன்றவை காதில் விழவே விழாது. மூன்று வயதிலிருந்தே நாள்தோறும் இருபது நிமிடம் எழுத்துத் தமிழைக் கேட்டு வந்த குழந்தைக்கு ஆறு வயதில் பாடநூலின் நடை அந்நியமாகத் தோன்றுவதில்லை.

குழந்தை சொந்தமாக எழுதத் தொடங்கும் முதல் ஓராண்டில் பேச்சு வழக்கிலேயே எழுதட்டும் என்று விட்டுவிடலாம். 'நேத்து மழ பேஞ்சுது' என்று எழுதிய பிள்ளை ஒரு செய்தியை எழுத்தில் பிடித்துவிட்டது. அதுவே பெரிய காரியம். சிவப்பு மையால் அதை 'நேற்று மழை பெய்தது' என்று திருத்தினால் அடுத்த நாள் அது எழுதாமலே இருந்துவிடக்கூடும். இதை ஏற்காத ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அஞ்சுவதுபோல் அந்த வழக்கு ஒட்டிக்கொண்டுவிடுவதில்லை என்பது என் அனுபவம். திருத்தமான எழுத்துக்குப் பார்த்து எழுதுதலும் சொல்வதெழுதுதலும் இருக்கின்றன.

ஆங்கிலத்தை எப்போது, எப்படி?

ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒலிகள் ஏறத்தாழ 44. ஓர் எழுத்துக்குப் பல ஒலி, ஓர் ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டு என்று அது தமிழைவிட முறுக்கிக்கொண்டு நிற்கிறது. எனவே ஆங்கிலத்துக்கு வரிசைப்படி ஒலியைக் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் முறை இன்றியமையாதது. அமெரிக்காவில் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, முறைப்படுத்திய ஃபோனிக்ஸ் பயிற்சி பெற்ற குழந்தைகள் அது இல்லாத குழந்தைகளைவிட நன்றாகப் படிக்கக் கற்கிறார்கள் என்று காட்டியது. எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறு எழுத்துகளில் தொடங்கும் பாடத்திட்டங்கள் பல உண்டு. அந்த ஆறிலிருந்தே 'பின்', 'டின்', 'டிப்', 'சிட்' என்று பல சொற்களை உருவாக்க முடியும் என்பதுதான் காரணம். நம் 'படம்', 'மடம்' வரிசையின் பின்னாலும் இதே கருத்துதான் இருக்கிறது.

தவிர்க்க வேண்டியது, படத்தைப் பார்த்தும் முதல் எழுத்தைப் பார்த்தும் சொல்லை ஊகிக்கக் கற்றுத்தரும் முறை. ஒரே அமைப்பில் வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருவதால் குழந்தை மளமளவென்று படிப்பதுபோலத் தோன்றும். படத்தைக் கையால் மறைத்தால் நின்றுவிடும். எந்த ஆங்கில வாசிப்பு நூலையும் வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் 1993க்குள் வீட்டுக்கல்வி சட்டப்படி ஏற்கப்பட்டுவிட்டதால் அங்கே இதற்கென்று ஒரு பெரிய சந்தையே இருக்கிறது. இணையத்தில் நாம் காணும் பாடப்பெட்டிகளில் பெரும்பாலானவை அங்கிருந்து வருபவை. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கையெழுத்து, கவிதை என்று எல்லாமும் அடங்கிய அந்தப் பெட்டிகள் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அவை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பனியையும் கையுறையையும் குழந்தை அறிந்திருக்கிறது என்றும், ஐயாயிரம் ஆங்கிலச் சொற்களாவது காதுக்குப் பழகியிருக்கின்றன என்றும் எடுத்துக்கொண்டு தொடங்குபவை. நம் பிள்ளைகளுக்கு அதே பாடத்தைத் தருவதற்கு முன் ஆங்கிலத்தில் பாட்டும் கதையும் உரையாடலும் நிறையத் தேவைப்படும். ஆறு வயதுக் குழந்தைக்குப் பெயர்ச்சொல், வினைச்சொல் என்று இலக்கணம் நடத்தும் பகுதிகளைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

இரண்டு மொழிகளில் எதை முதலில் படிக்கக் கற்பிப்பது என்று கேட்டால், குழந்தை எந்த மொழியில் கனவு கண்டு உளறுகிறதோ அந்த மொழியில் என்று சொல்வேன். தமிழ் வீடுகளில் அது தமிழ்தான். எழுத்து ஒலியைக் குறிக்கிறது, ஒலிகள் சேர்ந்தால் சொல்லாகும் என்ற அறிவு ஒரு மொழியில் உறைத்துவிட்டால் அடுத்த மொழிக்கும் அது உடன்வரும். அதுவரை ஆங்கிலத்தைக் காதோடும் வாயோடும் நிறுத்திக்கொண்டு, தமிழில் எளிய கதையைத் தானாகப் படிக்கத் தொடங்கிய ஆறு மாதத்துக்குப் பின் ஆங்கில எழுத்துக்குப் போனால் வேலை பாதியாகக் குறைகிறது.

கல்விமுறைகளின் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம்

வீட்டுக்கல்வி பற்றிப் படிக்கத் தொடங்கியதும் மாண்டிசோரி, சார்லட் மேசன் போன்ற பெயர்கள் வந்து குவியும். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தைப் பெரும்பாலும் இந்தியாவில் கழித்து, இங்கே ஏராளமான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி, வடிவத்தையும் ஒலியையும் ஒருசேரக் கற்கச் செய்வது அவருடைய முறை. திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டே எழுத்தை உரக்கச் சொன்ன வழக்கத்தை நினைத்துப் பார்த்தால் அது நமக்குப் புதிதாகத் தோன்றாது. ஒரு தாம்பாளத்தில் ரவையைப் பரப்பிவிட்டால் போதும். விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை.

இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லட் மேசன் (1842–1923) ஆறு வயதுக்கு முன் முறையான பாடம் வேண்டாம் என்றவர். நல்ல நூலிலிருந்து ஒரு பகுதியை வாசித்துக் காட்டி, குழந்தையைத் தன் சொற்களில் அதைத் திருப்பிச் சொல்லச் செய்வது, நல்ல வரிகளைப் பார்த்து எழுதச் செய்வது, பிறகு சொல்வதெழுதுதல் என்று அவருடைய முறை போகிறது. இவற்றுள் திருப்பிச் சொல்லுதலை எந்தப் பாடத்திட்டத்தோடும் சேர்த்துக்கொள்ளலாம். புரிந்ததா என்று சோதிக்க வினாத்தாளைவிட அது நல்ல வழி. இத்தகைய முறைகளுள் ஒன்றை முழுமையாகப் பின்பற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

கையில் கிடைக்கும் நூல்கள்

தமிழ்நாட்டு அரசின் முதல் இரண்டு வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். நான் முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்வது அவற்றைத்தான். 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை வயதைக் கொண்டு பிரிக்காமல், அவர்களுக்குத் தெரிந்ததைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி நூல்கள் அமைத்திருக்கிறார்கள். வீட்டுக்கல்விக்கு மிகவும் பொருந்தும் கருத்து இது. ஏழு வயதுப் பிள்ளை அரும்பில் தொடங்குவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. இந்நூல்கள் வகுப்பறைக்காக எழுதப்பட்டவை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, குழுச் செயல்பாடுகளில் ஒரு குழந்தைக்குப் பொருந்தாதவற்றை விட்டுவிட வேண்டும்.

2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பகுதி, தமிழ் அதிகம் காதில் விழாத ஊர்களில் வளரும் குழந்தைகளுக்கு உதவும். கதைகளுக்குப் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. நேஷனல் புக் டிரஸ்ட், சென்னையின் தூலிகா போன்ற பதிப்பகங்களின் படக்கதைகள் விலை குறைவு. திரையில் படிப்பதைவிடத் தாளில் படிப்பதைச் சிறு குழந்தைகள் விரும்புவதால், பிடித்த கதைகளை அச்சிட்டுத் தைத்துக் கொடுப்பது நல்லது.

வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

எந்தப் பாடத்திட்டமானாலும் நடுவில் உள்ள ஒரு பாடத்தைத் திறந்து பாருங்கள். பத்தாவது பாடம் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை கற்பித்த எழுத்துகளைக் கொண்டே அந்தப் பக்கத்தில் உள்ள சொற்கள் அனைத்தையும் குழந்தையால் படிக்க முடியுமா? முடியுமென்றால் அதை எழுதியவர் வரிசையை மதித்திருக்கிறார். கற்பிக்காத எழுத்துகள் ஆங்காங்கே சிதறிக் கிடந்தால் குழந்தை ஊகிக்கத்தான் பழகும். அடுத்து, முன் பாடங்களின் சொற்கள் பின் பாடங்களில் திரும்ப வருகின்றனவா என்றும், பிள்ளை திணறினால் என்ன செய்வது என்று பெற்றோருக்கு ஏதேனும் சொல்லியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு நாள் பாடத்துக்கு ஐந்து வயதில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கேட்கும் நூல் வேண்டாம்.

படிப்பையும் எழுதுவதையும் ஒரே கயிற்றில் கட்டிவிடாத பாடத்திட்டமே நல்லது. நான்கு வயதில் எழுத்தை அடையாளம் காணும் கண் தயாராக இருக்கும். பென்சிலைப் பிடித்து 'ஞ' எழுதும் விரல்கள் தயாராக இருக்காது. எழுதி முடித்தால்தான் அடுத்த எழுத்து என்று நிறுத்தி வைத்தால் படிப்பு வீணாகத் தாமதமாகும். அதுவரை களிமண்ணும் சுண்ணக்கட்டியும் ரவைத் தாம்பாளமும் போதும். இரட்டைக் கோடு நோட்டு பிறகு வரட்டும்.

வாங்கிய பின் ஆறு வாரமாவது விடாமல் நடத்திப் பார்க்க வேண்டும். நமக்குச் சலிப்பாக இருக்கிறது என்பதற்காக மாற்றக் கூடாது. ஒரே சொல்லை நாற்பதாவது முறை கேட்பது பெற்றோருக்குச் சலிப்பு, குழந்தைக்கு அது வெற்றி. பாட நேரம் வந்ததும் பிள்ளை ஒளிந்துகொள்கிறது, வயிறு வலிக்கிறது என்கிறது என்றால் பாடத்தின் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். அதற்கும் மாறவில்லை என்றால் வேறு நூலைத் தேடலாம். ஒழுங்கான பயிற்சிக்குப் பிறகும் ஏழு எட்டு வயதில் எளிய சொற்களைப் படிக்க முடியவில்லை என்றால், நூலை மாற்றிக்கொண்டே போகாமல் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, கற்றல் குறைபாடுகளை அறிந்த வல்லுநரிடம் காட்டுவது அவசியம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இந்தத் துறையில் நெடுங்காலமாகப் பணியாற்றிவருகிறது.

தேர்வு குறித்த அச்சத்தில் நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. வீட்டுக்கல்விக்கென்று தனி விதி எதையும் அது வகுக்கவில்லை. வீட்டில் கற்கும் பிள்ளைகளில் பலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதுகிறார்கள். அதற்குக் குறைந்தது 14 வயது ஆக வேண்டும். எட்டு வயதுக்குள் முடித்தாக வேண்டிய பொதுத் தேர்வு எதுவும் இல்லை என்பதால், எழுத்தை ஆற அமரக் கற்பிக்க உங்களுக்குக் காலம் இருக்கிறது.

எழுத்துப் பாடத்திட்டத்தை எப்போது நிறுத்துவது என்றும் சிலர் கேட்பார்கள். பேருந்தின் முகப்புப் பலகையையும், மளிகைக் கடையின் பெயரையும், பிஸ்கட் உறையில் உள்ள சிறிய எழுத்தையும் பிள்ளை யாரும் கேட்காமலே படிக்கத் தொடங்கும் நாள் ஒன்று வரும். பயிற்சி நூலில் முப்பது பக்கங்கள் மீதமிருந்தாலும் அன்றைக்கே அதை மூடி வைத்துவிடலாம். என் மகனின் நூலில் நாற்பத்திரண்டாம் பக்கத்துக்குப் பிறகு எல்லாம் இன்னும் வெற்றுத்தாள்தான். அந்தப் பக்கத்தை எட்டிய வாரத்தின் சனிக்கிழமை காலையில் ஊர் நூலகத்துக்குப் போய் அவன் பெயரில் உறுப்பினர் அட்டை வாங்கிக்கொடுத்தேன்.